காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்: இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்கு அருகில் தோட்டத்து வீட்டில் வசிக்கிறேன். என்னுடையது பத்தாண்டுப் பழைய காமன் ரெயில் (எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் கார். டீசல் பில்டரின் தலையில் கையால் அழுத்தும் பம்பு உள்ள மாடல். மாங்காய் சீசன் என்பதால் விடியற்காலையிலேயே மண்டிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. சில வாரங்களாகக் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிப்பதில்லை. சைலன்சரில் புகையும் வருவதில்லை. பலமுறை முயன்ற பிறகு ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்று முழுவதும் தொல்லை இல்லை. பேட்டரி புதியது. சென்ற சர்வீஸில் டீசல் பில்டர் மாற்றினார்கள். வாசல் மேடாக இருப்பதால் வண்டி மூக்கை மேலே தூக்கியபடி நிற்கும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி, டீசல் பம்பு பழுதுபார்க்கும் பம்ப் கடைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் இன்ஜெக்டரை நோக்கிக் கை காட்டவில்லை. டேங்கிலிருந்து டீசலை இழுத்து வரும் பாதையில் எங்கோ காற்று புகுவதையே காட்டுகின்றன. அப்படிச் சொல்வதற்கான காரணங்களை விளக்கினால், மெக்கானிக்கிடம் பேசுவதற்கும் உங்களுக்கு வசதியாக இருக்கும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. எனவே ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டியவை மூன்று: இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று நன்றாக அழுந்த வேண்டும், டீசல் உரிய அழுத்தத்தோடு உள்ளே போக வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்கிறீர்கள். ஸ்டார்ட் ஆன பிறகு நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும் இன்ஜினில் கம்ப்ரஷன் குறைந்திருக்கும் என்று நினைக்கவும் இடமில்லை. மிஞ்சுவது டீசல்தான். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். அப்போது, குளிரில் சிலிண்டருக்குள் சூடேற்றித் தரும் ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் ஹீட்டர் பிளக் காலை வாருவதுண்டு. காவேரிப்பட்டணத்தில் மாங்காய் சீசன் வெயிலில் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்ஜெக்டர் கெட்டுப்போய் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிடர்ன் பாதையில் அளவுக்கு மீறி டீசலைக் கசியவிட்டால், பொதுக் குழாயான ரெயிலில் அழுத்தம் ஏறாமல் ஸ்டார்ட் ஆவது கடினமாகும் என்பது உண்மைதான். பல வண்டிகளில் அழுத்தம் ஏறக்குறைய 200 பாரைத் தொடும் வரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. ஆனால் சூடேறிய டீசல் நீர்த்துப்போவதால், அந்தக் கசிவு பெரும்பாலும் இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் கூடும். மதியம் டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கையில் படுத்துவதே அதன் வழக்கம். உங்கள் வண்டி இதற்கு நேர்மாறாக, இரவெல்லாம் நின்ற பிறகு மட்டும் படுத்துகிறது. இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தப் பம்பு டீசலை விடாமல் இழுப்பதால் சிறிய ஓட்டை வழியே வரும் காற்று தெரிவதில்லை. இரவில் அதே ஓட்டை வழியாகக் காற்று நுழைய, குழாயில் நிற்கும் டீசல் டேங்குக்கே வடிந்துவிடுகிறது. வண்டியின் முன்பக்கம் மேடாகவும் டேங்க் உள்ள பின்பக்கம் பள்ளமாகவும் இருப்பது அந்த வடிதலுக்கு இன்னும் வழிவிடுகிறது. கடிதத்தில் போகிற போக்கில் வாசலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமான செய்தி.

காசு செலவில்லாத முதல் சோதனையை நாளைக் காலையிலேயே செய்யலாம். சாவியைத் தொடுவதற்கு முன் பேனட்டைத் திறந்து, பில்டர் தலையில் உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். இரண்டு மூன்று அழுத்தலிலேயே விரலை எதிர்த்துக் கெட்டியாகிவிட்டால் பாதையில் டீசல் நிரம்பியிருக்கிறது. என் கணிப்பு தவறு, வேறு இடத்தில் தேட வேண்டும். தொளதொளவென்று உள்ளே போய், இருபது முப்பது முறை அழுத்திய பிறகே கெட்டியாகி, அதன்பின் ஒரே செல்ஃபில் வண்டி பிடித்துக்கொண்டால் காற்று புகுவது உறுதி. அன்றிரவு வண்டியைத் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கோடு டயருக்குக் கல்லும் வைத்துவிடுங்கள். மறுநாள் சட்டென்று ஸ்டார்ட் ஆனால் இன்னொரு சாட்சியும் கிடைத்துவிட்டது. அப்படி நிறுத்திய இரவில், காற்று புகும் அதே ஓட்டை வழியாக டீசல் வெளியே கசியக்கூடும் என்பதால், பில்டரைச் சுற்றிலும் ஈரம் இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

ஓட்டை எங்கே என்பதில் என் முதல் சந்தேகம் சென்ற சர்வீஸில் மாற்றிய பில்டர் மீதுதான். பழைய ஓ ரிங் (ரப்பர் வளையம்) மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைப் போட்டு இறுக்குவதும், ரிங்கை முறுக்கலோடு உட்கார வைப்பதும், அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைச் சரியாக இறுக்காமல் விடுவதும் அவசர வேலையில் அடிக்கடி நடப்பவை. அடுத்த சந்தேகம் பில்டருக்கு வரும் ரப்பர் குழாய்: கிளாம்ப் கடிக்கும் இடத்தில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, குழாயை வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். தோட்டத்தில் நிற்கும் வண்டி என்பதால் எலிப் பல்லின் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கைப்பம்பின் உள் ரப்பரே கிழிந்திருப்பதும் உண்டு.

இதிலும் பிடிபடவில்லையென்றால், பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் குறைந்த அழுத்தக் குழாயில் டீசலைத் தாங்கும் ஒரு முழம், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாயை இணைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழ்கள் சரம் சரமாக வந்தால் ஓட்டை பில்டரிலோ அதற்கு முந்தைய டேங்க் பக்கத்திலோ இருக்கிறது. பிறகு டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான கேனில் டீசல் வைத்து அதிலிருந்து பில்டருக்கு இழுக்க வைக்க வேண்டும். குமிழ் நின்றால் குற்றம் டேங்குக்கும் பில்டருக்கும் இடையில், நிற்காவிட்டால் பில்டரில். கால் மணி நேர வேலைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பட்டறைகளில் பலர் 44ஆம் எண் நெடுஞ்சாலையின் லாரிகளில் தொழில் பழகியவர்கள். பழைய லாரியில் நாசில் பைப்பின் (இன்ஜெக்டருக்கு டீசல் போகும் குழாய்) நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றுவது சாதாரணம். காமன் ரெயில் வண்டியில் அந்த வித்தையைச் செய்யவே கூடாது. ஓட்டத்தில் 1,600 பார் வரை ஏறக்கூடிய அந்தக் குழாயிலிருந்து பீய்ச்சும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. காற்றை எடுப்பதற்குக் கைப்பம்பு போதும். அதேபோல், பில்டர் மாற்றும்போது கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பும் பழக்கத்தையும் அனுமதிக்காதீர்கள். வடிகட்டாத தூசி நேராகப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். ஏர் பில்டர் வாயில் ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யும் யோசனையையும் மறுத்துவிடுங்கள். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அது நேரம் தவறிப் பற்றி, பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும்.

கைப்பம்பு முதல் இரண்டு மூன்று அழுத்தலிலேயே கெட்டியாகிவிட்டால், ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் சுழற்சி பூஜ்யம் என்று திரை காட்டினால் இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரையோ அதன் ஒயரையோ பார்க்க வேண்டும். சுழற்சி நிமிடத்துக்கு 200க்கு மேல் காட்டியும் ரெயில் அழுத்தம் ஏறாவிட்டால், நான்கு இன்ஜெக்டர்களின் ரிடர்னையும் தனித்தனிக் குழாயில் பிடித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றாமலே செய்யும் சோதனை இது. ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் கூடுதலாக டீசல் வந்தால், அந்த ஒன்றை மட்டும் பம்ப் கடைக்கு அனுப்பலாம். நான்கும் அளவாக இருந்தால் உயர் அழுத்தப் பம்பையும், அதற்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

அதுவரை காலையில் கைப்பம்பை அழுத்திக் கெட்டியாக்கிய பிறகே சாவியைத் திருப்புங்கள். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம்; இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் டீசல் பாதையின் சிறு ஓட்டைக்காகப் புதிய பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் பலியாகும்.