சால்ட்டேர் ஆலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸில் இருக்கிறேன். போன ஞாயிறு தோழியோடு பக்கத்திலிருக்கும் பழைய ஆலை ஊரான சால்ட்டேருக்குப் போயிருந்தேன். டைட்டஸ் சால்ட் கட்டிய கம்பளி ஆலை, தொழிலாளர் வீடுகள், பள்ளி, தேவாலயம், பூங்கா எல்லாம் பார்த்துப் பிரமித்துவிட்டேன். அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு முதலாளியா! தோழியோ, “எல்லாம் வேலை வாங்கும் தந்திரம்” என்கிறாள். அவர் வள்ளலா, கணக்குப் பார்த்த வியாபாரியா?

மு., லீட்ஸ்

அன்புள்ள மு.,

இரண்டும்தான். வியாபாரியாக இல்லாமல் அவரால் அந்த ஊரைக் கட்டியிருக்க முடியாது. எதற்காகக் கட்டினேன் என்று சால்ட் எதுவும் எழுதிவைக்கவில்லை. ஆகவே அவர் மனதைத் துழாவுவதைவிட, அங்கே நீங்கள் பார்க்க வாய்ப்பில்லாத ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஆலையின் கதை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பக்கத்து நகரமான பிராட்ஃபோர்டில் கம்பளி சீவிப் பிழைத்தவர்கள் அவர்கள். நீள இழைக் கம்பளியை நூற்பதற்கு முன் நன்றாகச் சீவிக் குட்டை இழைகளைக் கழித்துவிட வேண்டும். 1840களில் ஆயிரக்கணக்கானோர் இதை வீட்டிலேயே கையால் செய்தார்கள். அறைக்குள் கரி அடுப்பு இருக்கும். நீண்ட இரும்புப் பற்கள் கொண்ட சீப்பை அதில் சூடாக்கி, எண்ணெய் தடவிய கம்பளியை மாட்டி, இன்னொரு சூடான சீப்பால் இழுத்து இழுத்துச் சீவுவார்கள். பிள்ளைகள் தூங்குவதும் பெரும்பாலும் அதே அறையில்தான். புகையும் கரிவாயுவும் அவர்களுடைய நெஞ்சைத் தின்றன. 1849இல் காலரா வந்து அந்த நகரத்தில் 400 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஆண்டு பெரும்பகுதியும் மேயராக இருந்தவர் சால்ட். ஆலைப் புகையைக் கட்டுப்படுத்த அவர் முயன்றார். மற்ற முதலாளிகள் ஒத்துழைக்கவில்லை.

அதற்குள் அவர் பெரும் பணக்காரராகியிருந்தார். பெரு நாட்டில் ஆடுபோல ரோமத்துக்காக வளர்க்கும் விலங்கு அல்பாக்கா. யாரும் சீந்தாத அதன் ரோமத்தை 1836 வாக்கில் லிவர்பூலில் வாங்கினார். பருத்திப் பாவில் (நீள இழைகளில்) அதை ஊடையாக (குறுக்கிழையாக) ஓட்டியபோது பட்டுபோல மின்னும் துணி கிடைத்தது. விக்டோரியா ராணியே தன் அல்பாக்காக்களின் ரோமத்தை அவரிடம் கொடுத்து நெய்து வாங்கினார். அந்தப் பணத்தில்தான் நகரத்துக்கு வெளியே, ஏர் ஆற்றங்கரையில், கால்வாயும் ரயிலும் தொட்டுக்கொண்டு போகும் இடமாகப் பார்த்து நிலம் வாங்கினார். ஆலையின் முகப்பு மட்டும் 545 அடி நீளம். உள்ளே 1,200 தறிகள்.

1853 செப்டம்பர் 20, அவருடைய 50ஆவது பிறந்தநாளில் ஆலைத் திறப்பு விழா. சுமார் 3,500 பேருக்கு விருந்து. விருந்து நடந்த கூடம் எது தெரியுமா? கம்பளி சீவும் கூடம். மேசைகளை எடுத்த பிறகு அங்கே ஓடியவை சீவும் இயந்திரங்கள். லிஸ்டர், டோனிஸ்தார்ப் போன்றவர்கள் அந்த இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய சில ஆண்டுகளிலேயே கையால் சீவியவர்களின் பிழைப்பு போயிற்று. வயதானவர்களுக்கு வேறு தொழிலும் தெரியாது. இதற்கு சால்ட் ஒருவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், இந்த ஊர்களெல்லாம் அடங்கிய யார்க்‌ஷயர் வட்டாரம் முழுக்க நடந்தது அது. ஆனால் அந்தக் கூடத்தை நினைக்கும்போதெல்லாம் விருந்துக்கு அழைக்கப்படாதவர்கள்தான் என் கண்ணில் நிற்கிறார்கள்.

இதனால் அந்த வீடுகளின் அருமை குறைந்துவிடாது. 800க்கும் மேற்பட்ட கல் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர், கொல்லைப்புறத்தில் தனிக் கழிப்பிடம். பிராட்ஃபோர்டின் நிலவறைகளில் குடும்பம் நடத்தி வந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! துணி துவைக்க நீராவியில் ஓடும் இயந்திரம்கூட இருந்தது. உங்கள் தோழி இதைத் தந்திரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதே சமயம், வேலை கொடுத்தவரே வீட்டுக்காரர். ஊருக்குள் மதுக்கடை கூடாது என்பது அவர் முடிவு. எதற்கும் குடியிருப்பவர்களைக் கேட்கவில்லை. அன்றைய சட்டப்படி எட்டு வயதுப் பிள்ளையும் அரைநாள் ஆலையில், அரைநாள் பள்ளியில். நீங்கள் பார்த்த அழகான பள்ளிக் கட்டடம் 1868இல்தான் வந்தது. எனக்கு உறுத்துவது இதுதான்: நல்லது அத்தனையும் ஒருவர் விருப்பமாக வந்தது, யாருடைய உரிமையாகவும் வரவில்லை. 1876இல் சால்ட் இறந்தார். அமெரிக்கா 1890இல் இறக்குமதி வரியை ஏற்றியதும் ஏற்றுமதி அடிவாங்கியது. 1892இல் நிறுவனம் நொடித்து, குடும்பத்தின் கையைவிட்டு ஆலை போனது. அதோடு அங்கே குடியிருந்தவர்களும் புது முதலாளிகளின் கைக்கு மாறினார்கள்.

1986இல் நெசவு நின்றது. மறு ஆண்டு ஜோனதன் சில்வர் என்ற தொழிலதிபர் ஆலையை வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த டேவிட் ஹாக்னியின் ஓவியங்களை அங்கே வைத்தார். 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் ஊர் சேர்ந்தது.

அடுத்த முறை இரண்டு வேலை செய்யுங்கள். தெருத்தெருவாக நடந்து, மேற்பார்வையாளர் வீட்டையும் சாதாரணத் தொழிலாளி வீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஆலைக்குள் இருந்த படிநிலை சுவரிலேயே தெரியும். பிறகு எக்கிள்ஷில்லில் இருக்கும் பிராட்ஃபோர்டு தொழில் அருங்காட்சியகத்துக்குத் தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சால்ட்டேரில் இப்போது காணக் கிடைக்காத கம்பளி இயந்திரங்களை அங்கே பார்க்கலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.