மேடை உடைக்கு ரசிகர்கள் தரும் விருது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐரோப்பாவின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் மிக மோசமாக உடுத்தியவர் யார் என்று ரசிகர்கள் வாக்களித்து, ‘பார்பரா டெக்ஸ் விருது’ என்ற ஒன்றைப் பல ஆண்டுகள் வழங்கிவந்தார்கள் என்று அறிந்தேன். யார் அந்தப் பார்பரா டெக்ஸ்? அவர் பெயரை ஏன் வைத்தார்கள்?

பதில்: பார்பரா டெக்ஸ் பெல்ஜியத்தைச் சேர்ந்த பாடகி. 1993ஆம் ஆண்டுப் போட்டி அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் உள்ள மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூரில், குதிரையேற்றக் காட்சிகளுக்காகக் கட்டப்பட்ட ஓர் அரங்கில் நடைபெற்றது. அப்போது 19 வயதே நிரம்பியிருந்த அவர், தாமே தைத்த உடையை அணிந்து மேடையேறி, 25 நாடுகளில் கடைசி இடத்தைப் பெற்றார். அவருக்குக் கிடைத்தவை 3 புள்ளிகள். பாடல் மறக்கப்பட்ட பிறகும் அந்த உடை ரசிகர்களின் பேச்சில் தங்கிவிட்டது. 1997இல் ரசிகர்கள் சிலர் மோசமான உடைக்கான விருதைத் தொடங்கியபோது, அவருடைய பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

இது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன். தையற்காரர்களும் ஒப்பனைக் கலைஞர்களும் புடைசூழ மேடைக்கு வருபவர்களிடையே, ஊசியும் நூலும் எடுத்துத் தன் உடையைத் தானே தைத்துக்கொண்டு வந்த ஓர் இளம்பெண்ணின் பெயர், அதன் பிறகு ஆண்டுதோறும் வேறொருவரைக் கேலி செய்வதற்குப் பயன்பட்டது. அவரோ பாடுவதை நிறுத்திவிடவில்லை. தொடர்ந்து இசைத்துறையில் பணியாற்றினார். இதையும் அந்த விருதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: போட்டியை நடத்துபவர்களுக்கும் இந்த விருதுக்கும் தொடர்பு இருக்கிறதா?

பதில்: தொடர்பு இல்லை. போட்டியை நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். உடை விருது முழுக்க முழுக்க ரசிகர்களின் ஏற்பாடு. பாடலின் புள்ளிகளை அது எவ்வகையிலும் பாதிப்பதில்லை.

கேள்வி: மோசமான உடை என்று பெயர் வாங்கியவர்கள் போட்டியிலும் தோற்றுத்தானே போயிருப்பார்கள்?

பதில்: அப்படி நினைப்பது இயல்பு, ஆனால் பதிவுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 1998இல் பர்மிங்காமில் மேடையின் சாரத்தில் ஏறி நின்று பாடிய ஜெர்மனியின் கில்டோ ஹார்னுக்குத்தான் அவ்வாண்டின் பார்பரா டெக்ஸ் விருது கிடைத்தது. அவர் போட்டியில் ஏழாவது இடத்தைப் பிடித்தார். 2012இல் பாகூவில் அல்பேனியாவின் ரோனா நிஷ்லியு, சடையாகத் திரண்டு நீண்ட தலைமுடியையே கழுத்தணியாகச் சுற்றிக்கொண்டு, கருப்பு உடையில் அசையாமல் நின்று பாடினார். அவருடைய தோற்றத்தைப் பார்த்து ரசிகர்கள் இந்த விருதை அவருக்குக் கொடுத்தார்கள்; ஆனால் அவருடைய குரலோ தம் நாட்டுக்கு ஐந்தாவது இடத்தைப் பெற்றுத் தந்தது. அல்பேனியா அந்தப் போட்டியில் எட்டிய மிக உயர்ந்த இடம் அதுவே. துயரத்தைப் பாடுகிற பாடலுக்கு அந்த விசித்திரத் தோற்றம் பொருந்தியிருந்தது என்பது என் கருத்து. வாக்களித்தவர்கள் உடையைப் பாடலிலிருந்து தனியே பிரித்தெடுத்துப் பார்த்ததில்தான் தவறு இருந்தது.

கேள்வி: இப்போது அந்த விருதின் நிலை என்ன? ரசிகராக வாக்களிக்க நேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பெல்ஜிய ரசிகர் குழு ஒன்று பின்னாளில் இந்த விருதின் பொறுப்பை ஏற்று நடத்தியது. மோசமான உடையைத் தேடுவது கலைஞர்களைப் புண்படுத்துகிறது என்று உணர்ந்து, 2022 முதல் அதற்குப் பதிலாக, மனத்தில் நிற்கும் உடைக்கான ‘யூ ஆர் எ விஷன்’ என்ற விருதைக் கொண்டுவந்தார்கள். இம்மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். குறை சொல்வதற்கு ஒரு பார்வை போதும்; ஓர் உடை ஏன் மனத்தில் நிற்கிறது என்று சொல்வதற்கோ பாடலை முழுவதும் கேட்டாக வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த உடை பாடலுக்காக என்ன வேலை செய்கிறது என்பதை. பாடல் மூன்று நிமிடங்களைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பவை அப்போட்டியின் விதிகள். இவ்வளவு குறுகிய நேரத்தில் பல கோடிப் பேருக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிய பாடகருக்கு, உடை என்பது வாய் திறப்பதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடும் கருவி.

இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன். 1981இல் டப்ளினில் பிரிட்டனின் பக்ஸ் ஃபிஸ் குழுவில், ஆடிக்கொண்டிருந்த இரு ஆண்களும் உடன் பாடிய பெண்களின் நீண்ட பாவாடைகளைச் சட்டென்று உருவிவிட, உள்ளே இருந்த குட்டைப் பாவாடைகள் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டுமா என்ற பொருளில் பாடல் வரி வந்த அதே நொடியில் அது நடந்ததால், உடை பாடலின் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. அவர்கள் வெறும் நான்கு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். 2016இல் ஸ்டாக்ஹோமில் குரோஷியாவின் நீனா க்ரால்யிச்சும் பாடலின் நடுவே பிரம்மாண்டமான மேலாடையைக் களைந்து, உள்ளிருந்த உடையில் தோன்றினார். கைவேலைப்பாடு மிக்க உடைதான் அது. ஆனால் அந்தக் கணத்தில் மேலாடையைக் களையச் சொல்லும் எதுவும் பாடலில் இல்லாததால், பார்ப்பவரின் கவனம் குரலை விட்டுத் துணியின் பக்கம் போய்விட்டது. அவ்வாண்டின் பார்பரா டெக்ஸ் விருது அவருக்கே போனது.

ஆகவே, வாக்களிக்கும் முன் பாடலை ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டுக் காட்சியை மட்டும் பாருங்கள். இரண்டிலும் ஒரே மனநிலை உங்களுக்குக் கிடைத்தால், அந்த உடை எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் உங்கள் வாக்கு அதற்கே உரியது.