நகரத்தில் குளவிகளின் கூடு கட்டும் பழக்கம் மாறிவிட்டதா?

மரத்தில் கட்ட வேண்டிய குளவி சன்ஷேடுக்கு அடியிலும் சாவித்துவாரத்திலும் ஏன் கட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் பழக்கம் அவ்வளவாக மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. மழை படாத, சற்றே சூடேறும், எறும்பு எளிதில் எட்டாத ஓர் ஒதுக்கிடம் கிடைத்தால் குளவிக்குப் போதும். பாறை இடுக்கும் மரப்பொந்தும் தந்ததை இப்போது பால்கனியும் சுவர் விரிசலும் தருகின்றன.

காகிதக் குளவி மரநாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று கூடு கட்டும். வெயிலில் வெளுத்த மரவேலியோ நனைந்த அட்டைப்பெட்டியோ அதற்குப் போதும். வண்ணக் காகிதத்தை மட்டும் கொடுத்து வளர்த்தால் கூடும் அதே வண்ணங்களில் பட்டை பட்டையாக வருமாம்!

மண் குளவிக்கு ஈர மண் வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்திலும் ஒழுகும் குழாயடியிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது. கூடு கட்டக் குழாய், துளை எதையும் விடாது. விளைவு சில நேரம் பயங்கரமானது. 1996-இல் டொமினிகன் குடியரசிலிருந்து கிளம்பிய போயிங் 757 ஒன்று கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய் அடைபட்டிருந்தது. மூடி போடாமல் விமானம் நிறுத்தப்பட்டிருந்த நாட்களில் மண் குளவி உள்ளே புகுந்து கட்டியிருக்கலாம் என்பதே வலுவான ஊகம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்திலோ ஊகத்துக்கு இடமில்லை: அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குளவி இனம் அத்தகைய குழாய்களில் கூடு கட்டுவது ஆய்விலேயே உறுதியாகிவிட்டது.

நகரத்தின் வெப்பம் இரண்டு பக்கமும் வெட்டும். சூட்டில் கூட்டுக்குள் இருக்கும் குளவிப் புழுக்கள் வேகமாக வளரும். ஆனால் நண்பகலில் கொதிக்கும் தகரக் கூரைக்கு அடியில் கட்டிய கூட்டில், வேலைக்காரக் குளவிகள் தண்ணீர்த் துளிகளைக் கொண்டுவந்து வைத்து இறக்கையால் விசிறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருக்கும் கூட்டை நான் தொடுவதில்லை. கம்பளிப்புழுக்களைப் பிடித்துத் தின்னும் உயிரை விரட்டுவானேன்? சுவருக்குள் பெரிய கூட்டம் குடியிருந்தால் மட்டும் கவனம் தேவை. வாசலைச் சிமென்டால் அடைத்துவிடாதீர்கள். உள்ளே சிக்கியவை வேறு வழி தேடும். உட்சுவர் மெல்லிய பலகையாக இருந்தால் அதைக் கடித்துத் துளைத்து அறைக்குள்ளேயே வந்துவிடும்.