சோளத்தை எரித்துக் குளிர்காய்ந்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1930களின் அமெரிக்கப் பொருளாதார மந்தம் பற்றிப் படிக்கிறேன். நகரத்தில் வேலை போனவன் ரொட்டிக்கு வரிசையில் நின்றான், புரிகிறது. நிலமும் மாடும் கோழியும் வைத்திருந்த விவசாயி ஏன் நொடித்துப்போனான்? சோற்றுக்காவது பஞ்சம் வந்திருக்காதே?

ரா.

அன்புள்ள ரா.,

பாதி சரி. சொந்த நிலமும் கறவை மாடும் இருந்தவர்கள் எப்படியோ வயிற்றைக் கழுவிக்கொண்டார்கள். ஆனால் வங்கிக்காரன் தவணைக்குப் பாலும் முட்டையும் வாங்கிக்கொள்ள மாட்டானே.

முதல் உலகப்போர் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை. அதை நம்பிக் கடன் வாங்கி நிலத்தைப் பெருக்கினார்கள். 1920லேயே விலை சரியத் தொடங்கிவிட்டது. பங்குச்சந்தை விழுவதற்கு ஒன்பது வருடம் முன்பு. அப்புறம் 1929ல் ஒரு டாலரை ஒட்டி விற்ற ஒரு புஷல் கோதுமை (சுமார் 27 கிலோ) 1932ல் 40 சென்ட்டுக்கும் கீழே போனது. கடன் மட்டும் இறங்கவில்லை. நூறு மூட்டை விற்று அடைத்த தவணைக்கு இப்போது இருநூற்றைம்பது மூட்டை வேண்டும். சரி, கூடுதலாக விதைப்போம் என்றான் விவசாயி. எல்லாரும் அதையேதான் செய்தார்கள். விலை இன்னும் இறங்கியது.

அயோவா மாநிலத்துப் பக்கம் குளிர்காலத்தில் மக்காச்சோளத்தை அடுப்பில் போட்டு எரித்தார்கள். நிலக்கரியைவிட அது மலிவு. பெண்கள் மாவுச் சாக்கைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். அதைக் கவனித்த மாவு கம்பெனிகள் சாக்கிலேயே பூப்போட்டு அச்சடித்தன. வியாபாரியின் கண்ணுக்கு எதுதான் தப்பும்!

ஜப்தி ஏலத்துக்கு அக்கம்பக்கத்து விவசாயிகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். குதிரைக்குப் பத்து சென்ட், கலப்பைக்கு ஐந்து சென்ட் என்று கேட்பார்கள். வெளியாள் யாராவது வாய் திறந்தால் முறைப்பு. சில இடங்களில் களஞ்சியத்தில் தூக்குக் கயிறே தொங்கியது. வாங்கியதையெல்லாம் உரியவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 'பென்னி ஏலம்' என்று அதற்குப் பெயர். பென்னி என்றால் ஒரு சென்ட் காசு.

ஆனால் இதெல்லாம் ஜப்தி செய்ய ஏதாவது வைத்திருந்தவன் கதை. தெற்கே பருத்திக்காட்டு வாரக்குடிகள் (அடுத்தவர் நிலத்தில் விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்டவர்கள்), கறுப்பரும் வெள்ளையருமாக, கடைக்காரனிடம் கடனுக்குச் சாமான் வாங்கித்தான் உலை வைத்தார்கள். பலருக்கு வாசல்வரை பருத்தி. காய்கறி போட இடமில்லை. 1933ல் விலையைத் தூக்க அரசு பணம் கொடுத்து, சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழிக்கச் சொன்னது. பணத்தில் பெரும்பகுதி நிலச் சொந்தக்காரன் கைக்குப் போனது. சாகுபடி குறைந்ததும் அவன் வாரக்குடியை வெளியே அனுப்பினான். நீங்கள் கேட்ட மாடும் கோழியும் அவர்களில் எத்தனையோ பேரிடம் எப்போதுமே இருந்ததில்லை.