கோள் ஆராய்ச்சிக்கு ஏரோஸ்பேஸ் எதற்கு?

அடுத்து என்ன படிக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்க, பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகள் பிளஸ் டூ முடித்தவள். நிலா, செவ்வாய் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒருவரின் கட்டுரைப் பட்டியலை பிரின்ட் எடுத்து, பிடித்த தலைப்புகளுக்கெல்லாம் மஞ்சள் மை பூசிக் கொண்டுவந்திருந்தாள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அப்பாவுக்கு அதைப் பார்த்தே பயம். "இவ்வளவு எழுதினாத்தான் வேலையா மேடம்?" என்றார். பெரியப்பா வேறு, "விண்வெளின்னா ஏரோஸ்பேஸ்தான், லோன் போட்டுத் தனியார் பல்கலைக்கழகத்துல சேர்த்துவிடு" என்று தினமும் போன் செய்கிறாராம்.

அவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: லோன் போடாதீர்கள். ஏரோஸ்பேஸில் நாலு வருஷமும் காற்றியக்கம், உந்துவிசை, கட்டமைப்பு என்றுதான் போகும். விண்கலம் கட்ட ஆசைப்படுகிற பிள்ளைக்கு அது அருமையான படிப்பு. உங்கள் மகளிடம் நிலாவில் எது பிடிக்கும் என்று கேட்டேன். "சில பள்ளத்துக்கு நடுவுல மட்டும் ஏன் ஒரு மேடு இருக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். பெரிய விண்கல் மோதும்போது அமுங்கிய தரை மேலெழும்பி நின்றுவிடுவதால் வரும் மேடு அது. சின்னப் பள்ளங்களில் வராது. இந்தக் கேள்விக்கு விடை தேடுகிற படிப்பு, பாறையையும் நிலத்தையும் ஆராயும் ஜியாலஜி.

அந்தப் பட்டியலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். அங்கேதான் அந்த ஆராய்ச்சியாளரின் பிஎச்.டி காலம் இருக்கிறது: சில வருஷங்களில் ஒன்றிரண்டு கட்டுரை, அதில் அவர் பெயர் முதலில். அதுதான் அவரே உட்கார்ந்து உழைத்தது. முன்பக்கங்களில் இருப்பவற்றில் பலவும் பலர் சேர்ந்து எழுதியவை. சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்டில். அதிலிருந்த பிரக்யான் ரோவர் என்ற ஊர்தி 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அந்த முடிவு 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்தபோது பெரிய குழுவே ஆசிரியர்களாக இருந்தது. நூறு என்ற எண்ணைப் பார்த்துப் பதினேழு வயதுப் பிள்ளையை அளக்காதீர்கள்.

அந்த 23 அளவீடுகள் சொன்னது என்ன தெரியுமா? அங்குள்ள மண் அனார்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையை ஒத்தது. நிலா ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்தது என்ற கருத்துக்கு அது வலு சேர்க்கிறது. மொட்டைமாடியில் நின்று பார்த்தால் நிலாவில் வெளுப்பாகத் தெரியும் மேட்டுநிலம் பெரும்பாலும் இந்த வகைதான். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் இருக்கிறது! அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்து, சந்திரயான்-2 சோதனைகளுக்குப் பயன்படுத்தியது. நம் ஊர்ப் பாறையை அறிந்த ஜியாலஜிக்காரர்களின் உதவி அதற்குத் தேவைப்பட்டது.

மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி ஜியாலஜி இருக்கிறது. அரசுக் கல்லூரி, கட்டணம் உங்களுக்குச் சுமையே இல்லை. முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் கிண்டிப் பக்கமே இருக்கின்றன. ஜாம் என்ற எம்.எஸ்சி நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடிக்கும் போகலாம். பிறகு நெட் அல்லது கேட் என்ற தேசியத் தேர்வை எழுதி, அகமதாபாத்தில் உள்ள பிஆர்எல் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடம் போன்ற இடத்தில் பிஎச்.டி. பிரக்யானில் தனிமங்களை அளந்த கருவியைச் செய்தது பிஆர்எல்தான். நெட் வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. லோன் கட்டவேண்டிய வயதில் அவள் கையில் பணம் வரும்.

படிக்கும்போதே கணிதத்தைக் கைவிடக்கூடாது. பைத்தான் என்ற நிரல்மொழியும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் கற்கட்டும், இரண்டும் இலவசம். சந்திரயான் எடுத்த படங்களையும் தரவுகளையும் இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவுசெய்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு பள்ளத்தை எடுத்து, அகலம் அளந்து, ஓரச் சரிவை வரைந்து பார்க்கட்டும். ஆறு மாதம் அலுக்காமல் செய்தாள் என்றால் அவளுடைய நாட்டம் நிஜம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அலுத்துவிட்டால் அதையும் மதியுங்கள், திட்டாதீர்கள்.

இது நீண்ட வழி என்பதை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி மூன்று, எம்.எஸ்சி இரண்டு, அதன்பின் பிஎச்.டி ஐந்தாறு வருஷம். கல்யாணப் பேச்சை எடுத்து நடுவில் நிறுத்துவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அவள் வேறு திட்டம் போட்டுக்கொள்ளட்டும். ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் எம்.எஸ்சியோடு யுபிஎஸ்சி நடத்தும் ஜியாலஜிஸ்ட் தேர்வு எழுதி இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் (ஜிஎஸ்ஐ) குரூப் ஏ பணிக்குப் போகலாம். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாப்பதும் அந்தத் துறைதான்.

"பணம் கட்டினால் உங்கள் மகள் பெயரில் ஆராய்ச்சிப் பேப்பர் போட்டுத் தருகிறோம்" என்று எவராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அப்படிப்பட்ட கட்டுரையால் எந்தப் பயனும் இல்லை; பின்னாளில் நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிக் கேட்டால் திணறத்தான் நேரும்.

அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் ஜியாலஜியை முதல் விருப்பமாகப் போடுங்கள். சேரும் முன் அங்கே படிக்கும் மாணவி ஒருவரிடம் களப்பயணச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணத்தைவிட அதற்குத்தான் நீங்கள் தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.