மாடியிலிருந்து பந்து பார்ப்பது யார் உரிமை?

கேள்வி: எங்களுடையது செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறு பட்டணம். கால்பந்துத் திடலுக்கு எதிரே மாடிக் கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். ஆட்டம் நடக்கும் இரவுகளில் மாடியில் உட்கார இடம் இருக்காது. இப்போது திடலைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அதைப் புதுப்பிக்கிறார்கள். என் கடைப் பக்கமாகப் பெரிய மின்திரை வரப்போகிறதாம். அமெரிக்காவில் இதே மாதிரி வழக்கு நடந்ததாமே, பக்கத்துக் கடைக்காரர்கள் ஜெயித்தார்களா? எனக்கு உரிமை உண்டா?
- கடைக்காரர், பேராக், மலேசியா

பதில்: ஜெயிக்கவில்லை, தம்பி. ஏன் தோற்றார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914-இல் திறந்த பேஸ்பால் அரங்கம். அதை ஒட்டிய வேவ்லேண்ட், ஷெஃபீல்டு சாலைகளில் உள்ள வீடுகளின் மொட்டைமாடியில் ஏறினால் ஆட்டம் தெரியும். முதலில் வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டுச் சும்மா பார்த்தார்கள். நாளடைவில் மாடியிலேயே படிப்படியாக இருக்கை கட்டி, சாப்பாடும் பீரும் சேர்த்து டிக்கெட் விற்கும் தொழிலாகிவிட்டது. எங்கள் ஆட்டத்தை நீங்கள் விற்கிறீர்கள் என்று 2002-இல் அந்த அரங்கில் ஆடும் கப்ஸ் குழு வழக்குப் போட்டது. 2004-இல் சமரசம் ஆனது. மாடிக்காரர்கள் மொத்த வசூலில் 17 விழுக்காட்டைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும், ஒப்பந்தம் 2023 வரை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அரசு அதிகாரிகள் அனுமதித்த எந்த விரிவாக்கமும் ஒப்பந்த மீறல் ஆகாது என்ற வரி. 2009-இல் ரிக்கெட்ஸ் குடும்பம் குழுவை வாங்கியது. 2013-இல் பெரிய புதுப்பிப்புத் திட்டத்துக்கு நகர மன்றம் அனுமதி கொடுத்தது. மின்திரைகள் எழும்பத் தொடங்கியதும், 2015-இல் மாடிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். திரை வைப்பது விரிவாக்கம் ஆகாது என்பது அவர்கள் வாதம். ஆகும் என்றது நீதிமன்றம். தொழில் போட்டியை ஒழிக்கிறார்கள் என்ற வாதமும் நிற்கவில்லை, ஏனென்றால் 1922-லிருந்தே பேஸ்பாலுக்கு ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. 2017-இல் மேல்முறையீடும் தோற்றது. அதற்குள் பெரும்பாலான மாடிகளை ரிக்கெட்ஸ் குடும்பமே வாங்கிவிட்டது.

பத்து வருடத்துக்கும் மேலாகப் பங்கு வாங்கிக்கொண்டு, அப்புறம் கண்ணை மறைத்துத் திரை வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்தில். தோட்டத் திடலில் ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடினால், தேத்தண்ணிக் கடை பெஞ்சில் ஏறி நின்று பார்ப்போம். கடைக்காரர் ஒரு நாளும் விரட்டியதில்லை. திடலுக்கும் கடைக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் அந்த உறவைப் பார்க்காது. நம் சட்டத்துக்கு வேரான ஆங்கிலேயச் சட்டத்தில், வெளிச்சத்துக்கு உரிமை கேட்கலாம், காட்சிக்குக் கேட்க முடியாது. இது மறுபக்கமும் பொருந்தும். 1937-இல் சிட்னியில், பக்கத்து நிலத்தில் மேடை கட்டிக் குதிரைப் பந்தயத்தைப் பார்த்து வானொலியில் சொன்னவர்களைத் தடுக்கக் கேட்டது பந்தய நிறுவனம். நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீங்கள் பார்ப்பதை அவர்கள் தடுக்க முடியாது, அவர்கள் தங்கள் இடத்தில் மறைப்பதை நீங்களும் தடுக்க முடியாது.

அதனால் நீதிமன்றத்தை நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு வாய்ப்பு இருப்பது அனுமதி கிடைக்கும் முன்தான். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற மன்றத்தின் திட்டம்) இல்லாத பகுதியில் ஒரு கட்டுமானத்துக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு ஊராட்சி மன்றம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள். உங்கள் ஊருக்கு உள்ளூர்த் திட்டம் இருக்கிறதா என்று மன்றத்தின் திட்டப் பிரிவில் கேளுங்கள். இருந்தால், அதில் அந்தத் திடலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். திரையை எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள் என்று வரைபடத்தையும் கேளுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்வது அனுமதிக்கு முன்னால் ஒரு பேச்சு, தூண் நட்ட பிறகு வேறு பேச்சு.

திடல்காரர்களோடு பேசி ஏதாவது உடன்பாடு செய்தால், வசூலில் அவர்களுக்குப் பங்கு என்ற பேச்சுக்கு அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் கொடுப்பதானால், எந்தக் கட்டுமானமும் மாடியை மறைக்காது என்று எழுதி வாங்குங்கள், ஒரு வழக்கறிஞர் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் வாடகைக்கு இருப்பவர். அந்த அறிவிப்பு நிலத்தின் உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், உங்களுக்கு வராது. கடைவீட்டுச் சொந்தக்காரர் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருந்தால், கடிதம் அவர் வீட்டு மேசையிலேயே 21 நாளைத் தாண்டிவிடும். இந்த வாரமே அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.