சிறு காற்றாலைக் கோபுரத்தின் பளுவை அளப்பதும் கணிப்பதும்: கேள்வி பதில்

கேள்வி: 3 மீட்டர் விட்டச் சுழலி, 12 மீட்டர் உயரக் குழாய்க் கோபுரம். அடியில் எவ்வளவு பளு வரும்?

பதில்: நொடிக்கு 12 மீட்டர் காற்றின் அழுத்தம் 88 பாஸ்கல். பரப்பு 7.07 சதுர மீட்டர், தள்ளுவிசைக் கெழு (காற்றழுத்தத்தில் எவ்வளவு பங்கு சுழலியைத் தள்ளுகிறது என்ற எண்) 0.8 என்று வைத்தால் தள்ளுவிசை 500 நியூட்டன். அடியில் வளைவு மொமெண்ட், அதாவது விசையையும் உயரத்தையும் பெருக்கி வரும் வளைக்கும் பளு, 6 கிலோநியூட்டன் மீட்டர். 168.3 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. தடிப்பும் உள்ள குழாயில் இது 50 மெகாபாஸ்கல் தகைவு (உலோகத்தின் ஒரு பரப்பளவில் விழும் விசை). குழாயின் மேல் மோதும் காற்று இதில் சேரவில்லை. புயல் காற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

கேள்வி: பளுவை அளக்க, குழாயில் எதிரெதிராக இரண்டு ஸ்ட்ரெய்ன் கேஜ் (உலோகம் நீளுவதையும் சுருங்குவதையும் மின்தடை மாற்றமாகக் காட்டும் மெல்லிய பட்டை) ஒட்டினேன். காற்றே இல்லாத காலையிலும் அளவு ஏறுகிறது. ஏன்?

பதில்: வெயில்தான். ஒரு பக்கம் மட்டும் சூடாவதால் இரண்டு கேஜும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. ஒவ்வொரு பக்கமும் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று ஒட்டி, நான்கையும் முழு பிரிட்ஜாக (நான்கு கேஜ்களின் வேறுபாட்டை மட்டும் அளக்கும் மின்சுற்று) இணையுங்கள். அந்தந்தப் பக்கத்துச் சூடு அங்கேயே கழிந்துவிடும், சமிக்ஞையும் கூடும். இதே போல இன்னொரு பிரிட்ஜ் 90 டிகிரி தள்ளி வேண்டும். ஃபிளாஞ்ச் (குழாயை போல்ட்டால் இணைக்கும் வளையத் தட்டு) வெல்டிங், கதவுத் துளை இரண்டிலிருந்தும் ஒரு குழாய் விட்டமாவது விலகியிருங்கள். ஒட்டுமுன் பஞ்சால் ஒரே திசையில் துடையுங்கள்; முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கே திரும்ப அப்பிக்கொள்ளும். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள்.

கேள்வி: அளவுதிருத்தம் எப்படி?

பதில்: கயிறு கட்டி இழுத்துத்தான். இதைச் செய்யாத அளவீட்டை நான் நம்பமாட்டேன். பிரேக் போட்டு, காற்று அடங்கிய நேரத்தில், உச்சியில் கட்டிய கயிற்றை 21 மீட்டர் தள்ளி நின்று இழுத்தால் தரையோடு 30 டிகிரி வரும். கயிற்றில் மாட்டிய லோடு செல் (விசையை அளக்கும் கருவி) 1000 நியூட்டன் காட்டினால் கிடைவிசை 866தான். இதை மறப்பவர்கள் அதிகம். 250 நியூட்டன் படிகளாக ஏற்றி, அதே படிகளில் இறக்குங்கள். ஏறிய கோடும் இறங்கிய கோடும் பிரிந்தால் பசை வழுக்குகிறது. 90 டிகிரி தள்ளி ஒட்டிய பிரிட்ஜ், இழுக்கும் திசை பிரிட்ஜின் அளவில் பத்தில் ஒரு பங்கு காட்டினால் கேஜ் ஏறக்குறைய 6 டிகிரி திரும்பி ஒட்டப்பட்டிருக்கிறது, அல்லது கயிறு கோணலாக இழுக்கிறது.

கேள்வி: பத்து நிமிடச் சராசரி போதாதா?

பதில்: சராசரியில் களைப்புச் சேதம் (பளு திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகத்தில் சேரும் சேதம்) தெரியாது. நொடிக்கு 50 முறை பதிந்து, ரெயின்ஃப்ளோ முறையில் (ஒழுங்கற்ற பளுப் பதிவைத் தனித்தனி ஏற்ற இறக்கங்களாகப் பிரிக்கும் முறை) சுழற்சிகளை எண்ணி, காற்று வேகவாரியாகப் பிரித்து, அந்தந்த வேகம் வருடத்தில் வீசும் மணி நேரத்தால் பெருக்குங்கள். வெல்டிங்குக்கு, தகைவு வீச்சுக்கும் தாங்கும் சுழற்சி எண்ணிக்கைக்கும் உள்ள கோட்டின் சாய்வு 3 என்று கொண்டால், வீச்சு இரட்டித்தால் சேதம் எட்டு மடங்கு. தொடக்கம், நிறுத்தம், காற்றிலிருந்து விலகித் திரும்புதல் ஆகியவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

கேள்வி: சுழலி நிமிடத்துக்கு 47 சுற்றில் ஓடும்போது கோபுரம் ஆடுகிறது. தலைப்பகுதி 80 கிலோ.

பதில்: மேலே சொன்ன அதே குழாய் என்றால் இயல்பதிர்வெண் (கோபுரம் தானாக ஆடும் வேகம்) 0.78 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 47 சுற்று சரியாக அதுவே. இறக்கைகளின் எடையைச் சமன்செய்து, அந்த வேகத்தில் தங்காமல் கடக்க விடுங்கள்.